பிரேக் பேடு மாற்றுவது: இரண்டு போல்ட், அரை நாள் வேலை

காரின் முன் சக்கரத்தில் பிரேக் பேடு மாற்றுவதற்கு, சக்கரத்தை எடுத்த பிறகு கழற்ற வேண்டியது இரண்டே போல்ட். சில வண்டிகளில் ஒன்றைக் கழற்றினாலே போதும். கை பழகிய மெக்கானிக் ஒருவர் பேசிக்கொண்டே அரை மணி நேரத்துக்குள் ஒரு சக்கரத்தை முடித்துவிடுவார். அதைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று நானும் ஒருமுறை இறங்கினேன். பகல் முழுவதும் போனது. போல்ட் கழற்ற நேரம் ஆகவில்லை. கழற்றிய இடத்தில் அப்பியிருந்த துரு, அசையாமல் இறுகிப்போன ஒரு பின், எந்தப் பேடு எந்தப் பக்கம் என்ற குழப்பம், இவைதான் பொழுதைத் தின்றன.

அதனால் இங்கே கழற்றி மாட்டுவதைவிட, நடுவில் பார்க்க வேண்டியதையும் துடைக்க வேண்டியதையும் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேடுதான். அது தேய்வது இயல்பு, தேய்வதற்காகவே செய்த பொருள் அது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தாலோ கோணலாகத் தேய்ந்தாலோ வேறெங்கோ கோளாறு இருக்கிறது. அதைப் பார்க்காமல் புதுப் பேடை மாட்டினால் அதற்கும் பழையதன் கதிதான்.

ஸ்டெப்னி மாற்றத் தெரிந்து, ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதும் தெரிந்தால், முன் சக்கரப் பேடு மாற்றக் கற்றுக்கொள்ளலாம். முதல் முறை என்றால், ஏற்கெனவே செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின் சக்கரம் வேறு கதை. பல சிறிய கார்களில் பின்னால் டிஸ்க்கே இருக்காது, டிரம்தான். அதற்குள் இருப்பது பேடு அல்ல, ஷூ. பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் ஹேண்ட் பிரேக்கின் இயக்கம் பெரும்பாலும் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள்ளேயே இருக்கும். அங்கே பேடைத் தள்ளும் பிஸ்டனை அழுத்தினால் உள்ளே போகாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்குத் தனிக் கருவி உண்டு. பட்டனை அழுத்தி ஹேண்ட் பிரேக் போடும் வண்டியென்றால், முதலில் அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் கை வைக்கவே கூடாது. முதல் முறை முன் சக்கரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தைப் பிரேக் ஆயில் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே காலிப்பர் என்ற கவ்விக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து, உள்பக்கப் பேடைச் சுழலும் டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அப்படியானால் வெளிப்பக்கப் பேடை அழுத்துவது எது? காலிப்பரே இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகரும்படி மாட்டப்பட்டிருக்கிறது. பிஸ்டன் உள்பேடைத் தள்ள, அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் எதிர்த்திசையில் நகர்ந்து, வெளிப்பேடை இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கிறது. இந்த ‘நகர்வது’ என்பதை நினைவில் வையுங்கள். நகர வேண்டியது நகராமல் போவதுதான் நாம் பார்க்கப்போகும் பல கோளாறுகளுக்கு வேர்.

பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் சற்றே வளைந்து, பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை பின்னே இழுத்துவிடும். பேடு தேயத் தேயப் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து அங்கேயே நின்றுகொள்ளும். அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் இருக்கும் பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். அதனால்தான் பேடு தேய்ந்த வண்டியில் ஆயில் குறைந்து தெரிகிறது, அதனால்தான் புதுப் பேடு மாட்டும்போது பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது.

எப்போது மாற்றுவது, என்ன வாங்குவது

புதுப் பேடில் தேயும் பொருள் சுமார் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டை இதில் சேர்க்கக் கூடாது. 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். அதற்குக் கீழேயும் கொஞ்ச நாள் ஓடும்தான், ஆனால் மெலிந்த பேடு சூட்டைப் பிஸ்டன் பக்கம் வேகமாகக் கடத்தும். அலாய் சக்கரமானால் இடைவெளி வழியே டார்ச் அடித்து வெளிப்பேடைப் பார்த்துவிடலாம். உள்பேடு அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது, ஏமாற்றுவதும் அதுதான்.

பல பேடுகளில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அது எச்சரிக்கை மணி. கீச்சு போய் ‘கரகர’ என்று இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம் வந்துவிட்டதென்றால் தகடே டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கிறது. அப்போது பேடோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் வெவ்வேறு இன்ஜினுக்கும் வெவ்வேறு ஆண்டுக்கும் வேறு வேறு காலிப்பர் வருவதுண்டு. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு பேடு ஒரு செட்டாக வரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். பேடு உட்காரும் சிறு ஸ்டீல் கிளிப்புகளும் செட்டோடு வந்தால் நல்லது. வராவிட்டால் தனியாக வாங்கிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். செராமிக், செமி மெட்டாலிக் என்று வகைகள் இருக்கின்றன. அன்றாட ஓட்டத்துக்கு வண்டியோடு வந்த வகையையே வாங்கினால் தலைவலி இல்லை.

கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, வீல் ஸ்பேனர், சாக்கெட் செட், ஒரு ரிங் ஸ்பேனர், பெரிய சி கிளாம்ப், வயர் பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, பழைய துணி, கையுறை, முகக்கவசம், கண்ணாடி, கட்டுக்கம்பியோ கயிறோ ஒரு முழம். காலிப்பர் போல்ட் பல வண்டிகளில் 12, 13, 14 அல்லது 17 மி.மீ. தலையோடு வரும். சிலவற்றில் 7 மி.மீ. ஆலன் கீ கேட்கும். முந்தின நாளே எட்டிப் பார்த்து அளவை உறுதிப்படுத்திக்கொண்டால், சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

இவற்றோடு, விட்டுக்கொடுக்கவே முடியாதவை இன்னும் இரண்டு. ஒன்று, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஆயில் ஜாக்கி கசிந்து இறங்கலாம், வண்டியோடு வந்த கத்தரிக்கோல் ஜாக்கி சாயலாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது, பாரத்தில் சட்டென்று நொறுங்கும். இரண்டாவது, பிரேக்குக்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸ். வீட்டில் இருக்கும் சாதாரண கிரீஸைப் பின்னில் தடவினால் அங்குள்ள ரப்பர் ஊதிப்போய்ப் பின்னைக் கவ்விக்கொள்ளும். நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல் இது.

போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நிம்மதி. இரவல் கிடைத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவது

சமமான, கெட்டியான தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டியும் ஆடும்.

வண்டியின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டைக் கொடுத்து, பாரம் ஸ்டாண்டில் இறங்கியதும் வண்டியைப் பிடித்து ஒருமுறை நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டிக்கடியில் தள்ளிவிடுங்கள், அது கூடுதல் காவல். சக்கரம் துருப்பிடித்து, அது உட்காரும் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நட்டுகளை நுனி மரையில் விட்டுவைத்து, டயரை உள்ளங்காலால் பக்கவாட்டில் மாறி மாறி உதையுங்கள். வந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். இரண்டையும் பிரித்துப் போட்டால் ஒரு பக்கத்துப் பிஸ்டனைத் தள்ளும்போது மறுபக்கத்துப் பிஸ்டன் வெளியே வரப் பார்க்கும். அதைவிட முக்கியமாக, எது எப்படி இருந்தது என்ற சந்தேகம் வரும்போது பிரிக்காத பக்கத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். போனில் படம் எடுத்திருந்தாலும் கண்ணால் பார்ப்பது போல் வராது.

காலிப்பரைத் திறப்பது

காலிப்பர் டிஸ்க்கின் முன்பக்கம் இருந்தால் ஸ்டீயரிங்கை நீங்கள் வேலை செய்யும் பக்கமாகவும், பின்பக்கம் இருந்தால் எதிர்ப்பக்கமாகவும் முழுக்க ஒடித்தால் காலிப்பரின் பின்புறம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். சாவியைப் போட்டுத்தான் ஸ்டீயரிங் திரும்பும் என்பது படுத்துக்கொண்ட பிறகுதான் நினைவுக்கு வரும். பின்புறத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு போல்ட் தெரியும். அவற்றைச் சுற்றிச் சின்ன ரப்பர் துருத்தி இருக்கும். அதுதான் அடையாளம். இன்னும் உள்ளே தள்ளி, இன்னும் பெரிய தலையோடு இரண்டு போல்ட் தெரிகிறதே, அவை காலிப்பரையும் பேடுகளையும் தாங்கும் பிராக்கெட்டைப் பிடித்திருப்பவை. டிஸ்க் மாற்றினால் மட்டுமே அவற்றைத் தொட வேண்டும்.

கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். பின்னும் சேர்ந்து சுற்றினால் அதைச் சன்னமான ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் கீழ் போல்ட் மட்டும் கழன்றதும் காலிப்பரைப் பெட்டி மூடி போல மேலே தூக்கிவிடலாம். தூக்க வராவிட்டால் மேல் போல்ட்டையும் எடுத்துக் காலிப்பரை உருவுங்கள். உருவியதைக் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், பிரேக் மட்டும் ஒழுங்காகப் பிடிக்காது அல்லது விடாது.

இந்த நேரத்தில் யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கார்க் கதவைப் பூட்டிவிடுங்கள். தடுக்க எதுவும் இல்லாததால் பிஸ்டன் வெளியே விழுந்து, ஆயில் கொட்டி, வேலை அங்கேயே நின்றுபோகும்.

பழைய பேடைப் படியுங்கள்

உருவிய பேடைத் தூக்கி எறியாமல் உள்பேடு, வெளிப்பேடு என்று எழுதித் தரையில் வரிசையாக வையுங்கள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்தது இந்த ஐந்து நிமிடம்தான்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்றால் காலிப்பர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. உள்பேடு பாதியாகி வெளிப்பேடு புதிதுபோல இருந்தால் காலிப்பர் பின்களில் நகரவில்லை, பிஸ்டன் உள்பேடை மட்டும் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது என்று பொருள். ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் ஆப்புபோல இருந்தால் இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கும், அல்லது பேடின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் காது பிராக்கெட்டில் சிக்கியிருக்கும். முகம் கண்ணாடிபோல மினுங்கினால் அதிகச் சூட்டில் பதம் கெட்டிருக்கிறது. ஓரங்கள் பொரிந்து உதிர்ந்திருந்தாலும் சூடுதான் காரணமாக இருக்கும். பேடின் மேல் எண்ணெய்க் கறை இருந்தால் பிஸ்டன் ரப்பரைச் சுற்றியும் ஆக்ஸிலின் ரப்பர் உறையையும் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் கட்டிப்போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கசியும் காலிப்பரைப் புதுப் பேடு சரிசெய்யாது.

இப்போது டிஸ்க். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். மெல்லிய கோடுகள் இருந்தால் பரவாயில்லை. நகம் சிக்கி நிற்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ டிஸ்க்கும் போக வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தடிமன் உண்டு. அந்த எண் பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ பொறித்திருக்கும். அளக்கும்போது ஒரு ஏமாற்று இருக்கிறது: பேடு படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்புபோல நிற்கும். வெர்னியர் அளவுகோலை அப்படியே வைத்தால் அந்த வரப்பைத்தான் அளப்பீர்கள், டிஸ்க் தடிமனாக இருப்பதாகவே காட்டும். வரப்பைத் தாண்டி உள்ளே தேய்ந்த இடத்தில் அளக்க வேண்டும். பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது என்பதற்காக நீங்கள் இந்த வேலையில் இறங்கியிருந்தால், பேடு மாற்றுவதால் மட்டும் அது போகாது. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கலாம்.

துடைப்பது, உண்மையான வேலை

கருப்பாக அப்பியிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய காலப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்போதைய பேடின் தூசியும் நுரையீரலுக்கு உகந்ததல்ல. பிரேக் கிளீனரை அடித்து நனைத்து, துணியால் துடைத்தெடுங்கள். கிளீனர் பற்றி எரியக்கூடியது. வண்டி ஓடி நின்ற சூட்டோடு டிஸ்க்கில் அடிக்கக் கூடாது, பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

பிராக்கெட்டில் பேடின் இரண்டு காதுகளும் உட்காரும் பள்ளங்களில் பழைய ஸ்டீல் கிளிப்புகள் இருக்கும். நெம்பி எடுத்துவிடுங்கள். அவற்றுக்கடியில்தான் துரு குடியிருக்கிறது. துரு பொங்கி கிளிப்பை மேலே தூக்க, கிளிப் பேடை நெருக்க, பேடு அசையாமல் இறுகும். வயர் பிரஷ் போட்டு இரும்பு தெரியும்வரை தேயுங்கள், பிரஷ் போகாத மூலைக்குப் பழைய அரம் ஒன்று போதும். ஆனால் இரும்பையே அராவிவிடாதீர்கள், துரு போனால் போதும். பிறகு புதுக் கிளிப்பை அழுத்தி, ‘டக்’ என்று உட்கார்வது கைக்குத் தெரியும்படி மாட்டுங்கள்.

அடுத்து பின்கள். ஒவ்வொன்றையும் விரலால் உள்ளே வெளியே தள்ளிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் உருவி எடுத்து, காய்ந்த கிரீஸைத் துடைத்து, துளைக்குள்ளும் துணி விட்டுச் சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவித் திருப்பிப் போடுங்கள். அள்ளி அப்பினால் துளைக்குள் காற்று அடைபட்டு, பின்னை வெளியே தள்ளும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றுபோல இருப்பதாகத் தோன்றும், ஆனால் பல வண்டிகளில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும் அல்லது ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். இடம் மாற்றிப் போடக் கூடாது. ரப்பர் துருத்தி கிழிந்திருந்தால் தண்ணீர் புகுந்து சில மாதங்களில் பின் மறுபடி இறுகும், துருத்தியையும் மாற்றுங்கள்.

நான் முதலில் செய்தபோது இறுகிப்போயிருந்த பின்னை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டேன். பேடு பளபளவென்று உட்கார்ந்தது. சில மாதங்கள்தான், உள்பேடு மட்டும் தகடுவரை தேய்ந்து, அதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

பிஸ்டனைத் தள்ளுவது

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, மேல் கோட்டுக்கு அருகில் ஆயில் இருந்தால் ஊசியில்லாத சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக இங்கே மட்டம் ஏறும். பேடு தேய்ந்து மட்டம் குறைந்த காலத்தில் யாராவது மேலே ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போது வழிந்து ஊற்றும். பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைத்துவிடும், கொட்டினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பழைய பேடு ஒன்றைப் பிஸ்டனின் முகத்தில் வைத்து, சி கிளாம்ப்பின் ஒரு முனையைப் பேடிலும் மறு முனையைக் காலிப்பரின் முதுகிலும் கொடுத்து மெதுவாகத் திருகுங்கள். அதற்கு முன் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பரைத் துடைத்துவிடுங்கள், அழுக்கோடு உள்ளே தள்ளினால் சீல் கெடும். மெதுவாக என்றால் அரைச் சுற்று, ஒரு மூச்சு, மறுபடி அரைச் சுற்று. பிஸ்டன் நேராக, ஒரே சீராகப் போக வேண்டும். முழு பலத்துக்கும் அசையாவிட்டால் கிளாம்ப்போடு சண்டை போட வேண்டாம். பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். அது நம் வேலை இல்லை. பிஸ்டன் முகத்தில் இரண்டு பள்ளங்களோ கூட்டல் குறி போன்ற வெட்டோ இருந்தால் அது திருகி அனுப்ப வேண்டிய வகை, கிளாம்ப் போடாதீர்கள்.

மாட்டுவது

புதுப் பேடைப் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தகட்டின் வடிவம், காதுகள், இரும்பு நாக்கின் இடம், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கத்தும் நாக்கு உள்ள பேடு பெரும்பாலும் உள்பக்கம் போகும். ஆனால் உங்கள் வண்டியில் பழையது எங்கே இருந்ததோ அதுதான் சட்டம். சில பேடுகளில் அம்புக்குறி இருக்கும். அது வண்டி முன்னோக்கிப் போகும்போது டிஸ்க் சுற்றும் திசை.

பேடின் காதுகளிலும், தகட்டின் முதுகில் பிஸ்டனும் காலிப்பரும் படும் இடத்திலும் பிரேக் கிரீஸ் ஒரு பூச்சு. தேயும் முகத்தில் ஒரு துளிகூடக் கூடாது, டிஸ்க்கிலும் கூடாது. பட்டுவிட்டால் டிஸ்க்கைக் கிளீனரால் கழுவிவிடலாம். பேடு என்றால் உறிஞ்சிக்கொள்ளும், அதை மாற்றிவிடுவதுதான் சரி. கையுறையை இந்த இடத்தில் புதிதாக மாற்றிக்கொள்வது என் வழக்கம்.

தேயும் முகம் டிஸ்க்கைப் பார்க்க, இரும்புத் தகடு வெளியே பார்க்க. எழுதும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் களைப்பில் தலைகீழாக மாட்டியவர்கள் உண்டு. பேடு கிளிப்புகளுக்குள் கையாலேயே வழுக்கி உட்கார வேண்டும். சுத்தியலால் தட்டினால்தான் போகிறது என்றால் கிளிப்புக்கடியில் இன்னும் துரு இருக்கிறது. காலிப்பரை இறக்கி, ஹோஸ் முறுக்கியிருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டை முதலில் கையால் சில மரை ஏற்றிவிட்டு இறுக்குங்கள். பல சிறிய கார்களில் இந்தப் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர்தான், நாம் நினைப்பதைவிடக் குறைவு. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி ஏற்றி, வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. மறுபக்கமும் இதேபோல. இரண்டாவது சக்கரம் முதலாவதில் பாதி நேரத்தில் முடியும்.

சாவியைத் தொடுவதற்கு முன்

பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டோம் அல்லவா? இப்போது பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. முதல் முறை பெடலை மிதித்தால் கால் தரையைத் தொடும், பிரேக் சுத்தமாக இருக்காது. இன்ஜினைப் போடாமலேயே உட்கார்ந்து, பெடலை நிதானமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். நாலைந்து மிதியில் பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொட, பெடல் கல்லுபோல உயரத்தில் நிற்கும். அதுவரை வண்டி ஒரு அடிகூட நகரக் கூடாது. ஒருமுறை நான் கருவிகளை எடுத்து வைத்த அவசரத்தில் இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்தினேன், அதுவும் சுவருக்கு ஒரு சாண் முன்னால். அன்றிலிருந்து வேலை தொடங்கும்போதே ‘பெடல்’ என்று ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுகிறேன்.

பெடல் கெட்டியானதும் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் டப்பா மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதை, புதிதாக உடைத்த பாட்டிலிலிருந்து மேல் கோடுவரை ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான், அதை இவற்றோடு கலக்கக் கூடாது. திறந்து பல மாதமான பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள். கிளைக்கால் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டாட் 3 ஆயிலுக்கான குறைந்தபட்ச அளவு, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சுடும்போது இந்த வித்தியாசம்தான் காலுக்கடியில் பெடலைப் பஞ்சாக்கும்.

இன்ஜினைப் போட்டு, இன்னொருமுறை மிதித்துப் பாருங்கள். மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வதால் பெடல் சற்று இறங்கும், அது சரிதான். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனாலோ, பஞ்சுபோல அமுங்கினாலோ வண்டியை எடுக்காதீர்கள்.

பேடைப் பழக்குவது

புதுப் பேடு முதல் நாளிலேயே முழுப் பலத்தோடு பிடிக்காது. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராக ஒட்ட வேண்டும். நடந்து போகும் வேகத்தில் சிலமுறை நிறுத்திப் பார்த்து நம்பிக்கை வந்ததும், போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ.வரை நடுத்தரமாகப் பிரேக் போட்டு இறக்குங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். மறுபடி வேகமெடுத்து, அரை நிமிட இடைவெளி விட்டு மறுபடி. எட்டுப் பத்து முறை செய்தால் போதும். பேடு உற்பத்தியாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதைச் செய்யுங்கள். பிறகு கொஞ்ச தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால் பேடு தொட்ட இடத்தில் மட்டும் தடித்த படிவு ஒட்டி, பிறகு பிரேக் போடும்போதெல்லாம் நடுங்கும்.

லேசான வாசனை வருவது இயல்பு. பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்ததும் சக்கரங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அந்தப் பக்கம் ஏதோ நகரவில்லை. பின்னையும் பேடின் காதையும் மறுபடி பாருங்கள். பிரேக் போட்டதும் ‘டொக்’ என்று ஒருமுறை தட்டினால் கிளிப் ஒன்று சரியாக உட்காரவில்லை. தொடர்ந்து கீச்சிட்டால் பேடின் முதுகில் கிரீஸ் போடாமல் விட்டிருப்பீர்கள், அல்லது பழைய டிஸ்க்கின் வரப்பில் புதுப் பேடின் ஓரம் உரசுகிறது. மழையில் நின்ற வண்டியில் காலை முதல் பிரேக்கில் வரும் கரகரப்பு டிஸ்க்கின் மேல் படிந்த துரு, நாலு பிரேக்கில் போய்விடும்.

50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மாற்றிய தேதியையும் அப்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் பேடு வந்த அட்டைப் பெட்டியில் எழுதி, தேய்ந்த உள்பேடு ஒன்றை அதற்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.